மூன்றாவது கட்டம்

அந்த ஜிப் தொழிற்சாலையில் நூற்று எண்பது பேர் வேலை செய்கிறார்கள். நூற்று எழுபத்தொன்பது பேர் ஜிப் செய்கிறார்கள். ஒருத்தி அதைத் திருப்பி அனுப்புகிறாள்.

அவளுடைய பதவிக்குத் தரச் சோதகர் என்று பெயர். ஆனால் அங்கே எல்லோரும் அவளைத் திருப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாயைத் திறந்தால் ‘திருப்பு’ என்ற சொல்தான் முதலில் வரும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இப்போது அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. இதற்கு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. பட்டப்பெயரைச் சோதித்துப் பார்த்ததில் குறை ஒன்றும் தென்படவில்லையோ என்னவோ.

வடக்கு ஜன்னலோரம் அவள் மேசை. மேலே ஒரு குழல்விளக்கு, கையருகே ஒரு பூதக்கண்ணாடி, ஓர் இரும்பு அளவுகோல், படிவப் புத்தகம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கைக்கு வந்த ஐம்பது ஜிப்பை எடுப்பாள். பல்லின் மேல் ஓடும் அந்தச் சின்ன ரன்னரை வலது கட்டைவிரலால் மேலே இருபது தடவை, கீழே இருபது தடவை தள்ளுவாள். இருபத்து மூன்று வருடம் தள்ளித் தள்ளி, அந்தக் கட்டைவிரல் மற்ற ஒன்பது விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பெரிய மனுஷன் மாதிரி தனியாகத் தடித்து நிற்கிறது. காதும் சோதனைக்கு உண்டு. நல்ல ஜிப் ஒரே சுருதியில் ஓடும், கெட்ட ஜிப் நடுவில் ஒரு தடவை தொண்டையைக் கனைக்கும் என்பாள். அந்தக் கனைப்பு அவளைத் தவிர வேறு யாருக்கும் கேட்டதில்லை.

படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம்: தேறியது. இரண்டாவது: திருப்பு. மூன்றாவது: குறையோடு ஏற்பு. குறை இருக்கிறது, தெரியும், ஆனாலும் உபயோகப்படும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எல்லாத் தொழிற்சாலையிலும் அதிகம் தேய்கிற கட்டம் அதுதான். இந்தத் தொழிற்சாலையில் மட்டும் அது அச்சான நாளிலிருந்து கன்னி கழியாமல் கிடந்தது. திருப்பக்கா ஒரு நாள்கூட அதில் பேனா வைத்ததில்லை.

“நாலாயிரம் ஜிப்மா. நிறம் இம்மி வித்தியாசம். பேன்ட்ல உள்பக்கம் போற ஜிப்பு. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?” என்று மேலாளர் கெஞ்சுவார்.

“நான் பாத்துட்டேனே, சார்.”

“மூணாவது கட்டம் எதுக்கு இருக்கு?”

“அதை நான் அச்சடிக்கச் சொல்லல.”

மேலாளர் நல்ல மனிதர். கோபம் வந்தால் குளிர்நீர் இயந்திரத்துக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடிப்பார். திருப்பக்கா வேலைக்குச் சேர்ந்த பிறகு அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வரவே இல்லை என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

இந்தக் கண்ணை அவள் மாலையில் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருவாள் என்று நினைத்தால், அவளுடைய கணவரைப் பார்த்துப் பேசவில்லை என்று அர்த்தம். அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். தோளில் ஒரு பையோடு தெருத் தெருவாக, வாசல் வாசலாக நடந்து, நாய்களிடம் நல்ல பெயர் வாங்கி, குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறவர். வீட்டில் துணி மடிப்பது அவர் பொறுப்பு. படுக்கை விரிப்பை மடித்து வைத்தால் அவள் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பாள். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை என்றால் விரிப்பு மறுபடி அவர் மடியில் வந்து விழும். கல்யாணமான முதல் வருடம் சண்டை போட்டார். இரண்டாம் வருடம் முணுமுணுத்தார். இப்போது இரண்டு தடவை மடிப்பதற்கான நேரத்தை ஒதுக்கிக்கொண்டுதான் உட்காருகிறார்.

இப்படிப்பட்டவள் ஒரு வீடியோ கேமை, அதுவும் குறைகளுக்கென்றே யாரோ மெனக்கெட்டுச் செய்த மாதிரியான ஒரு கேமை, ஒன்பது வருடம் விடாமல் விளையாடினாள் என்று சொன்னால் நம்பக் கஷ்டம்தான். நானும் முதலில் நம்பவில்லை.

அது தொழிற்சாலை ஆண்டுவிழாக் குலுக்கலில் வந்தது. எல்லோருக்கும் மின்விசிறியும் பாத்திரமும் விழ, அவளுக்கு ஒரு கேம் பெட்டி விழுந்தது. கூடவே ஒரே ஒரு கேம். வீட்டுக்கு வந்ததும் டிவியில் மாட்டச் சொன்னாள். விளையாடுவதற்கு அல்ல. வாங்கிய பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

கேமில் அவள் ஒரு சின்னத் தீவின் தபால்காரி. பன்னிரண்டு வீடு, ஒரு பாலம், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு சைக்கிள். காலையில் தபால் நிலையத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, கடிதங்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். யாருக்குக் கடிதம் கொடுக்கிறோமோ அவர் அதைப் பிரித்துப் படிப்பார், நமக்கும் திரையில் தெரியும். அவ்வளவுதான் கேம். சுடுவது, வெட்டுவது, குதிப்பது எதுவும் கிடையாது.

முதல் அரை மணி நேரத்தில் அவள் மூன்று குறை கண்டுபிடித்தாள். கலங்கரை விளக்கத்தின் நிழல் சூரியனை நோக்கியே விழுந்தது. பள்ளிக்கூட ஆசிரியருக்கு இரண்டும் இடது கை. தையற்காரியின் வீட்டுக் கதவு, முன்னால் நடந்து போனால் திறக்கவில்லை. அலுத்துப்போய்த் திரும்பிப் பின்பக்கமாக நகர்ந்தபோது தானாகத் திறந்துகொண்டது. “இதைத் திருப்பு” என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது தபால் நிலையக் கூரையின் மேலிருந்து ஒரு ஆடு கத்தியது.

ஆட்டுக்குக் கூரையில் வேலை இல்லை. ஏணியும் இல்லை. செய்தவர்கள் தரையில் வைக்க நினைத்து, கை தவறிக் கூரையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டுக்கு அதில் வெட்கமே இல்லை. இந்த ஊரிலேயே உருப்படியான இடம் இதுதான் என்பது போல நின்று அவளைப் பார்த்தது. திருப்பக்கா சிரித்துவிட்டாள். சமையலறையிலிருந்து கணவர் ஓடி வந்து பார்த்தார். அந்தச் சத்தத்தை அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை தீவில்தான் இருப்பாள்.

“நான் பகல் பூரா பையைத் தூக்கிட்டு வீடு வீடா அலையறேன். ஒரு நாளாவது என்னாச்சுன்னு கேட்டிருக்கியா? அங்க போய் நீ வீடு வீடா அலையற” என்பார் கணவர்.

“உங்க வேலையில ஆடு இல்லையே” என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சும்மா விளையாடியிருந்தால் அவள் திருப்பக்காவே இல்லை. பார்த்த குறையை எழுதாமல் விட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தொழிற்சாலைப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவர மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அளவுகோல் வைத்து, அதே மாதிரி படிவம் வரைந்தாள். குறையின் எண், தேதி, விவரம், அடியில் மூன்று கட்டங்கள். எழுதியதைக் கணவர் போனில் படம் பிடித்துக் கேம் செய்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவார். அந்த நிறுவனம் என்பது ஒரு அண்ணனும் ஒரு தங்கையும்தான். முதல் பத்துப் படிவத்துக்கு ‘நன்றி, கவனிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அப்புறம் கவனித்தார்களோ இல்லையோ, பதில் நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை. ஒன்பது வருடத்தில் அறுபத்தொரு படிவம். அறுபத்தொன்றிலும் இரண்டாவது கட்டத்தில்தான் டிக்: திருப்பு.

அறுபத்தொன்றில் இரண்டுதான் அவளை வாட்டியவை. ஒன்று, பாலம். தீவில் மழை பெய்யும்போது சைக்கிளில் பாலத்தைத் தாண்டினால் கேம் அப்படியே உறைந்துவிடும். பெட்டியை அணைத்துப் போட்டால் அன்றைக்குச் செய்த வேலை அத்தனையும் போயிருக்கும். பாலத்தில் உறைந்த மாலைகளில் இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கணவர் வானிலை அறிக்கையைவிடத் தீவின் வானத்தைத்தான் கவலையோடு பார்ப்பார்.

மற்றது, மீனவர். மேற்குக் கரையில் கடைசி வீடு. கதவு ஒழுங்காகத் திறக்கும். உள்ளே அவர் சுவரைப் பார்த்து, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முதல் நாளிலிருந்து அப்படித்தான். எதிராளி நம்மைப் பார்த்தால்தான் கடிதம் கொடுக்க முடியும் என்பது கேமின் விதி. நாம் தலைகீழாக நின்றாலும் இவர் திரும்பமாட்டார். சைக்கிள் மணி அடித்துப் பார்த்தாள். பானையைத் தள்ளி உடைத்தாள். ஜன்னல் வழியாக வந்தாள். ஒருமுறை பின்பக்கமாக நடந்தும் வந்தாள், தையற்காரி வீட்டு அனுபவத்தில். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கான கடிதம் ஒன்பது வருடமாகப் பையிலேயே இருந்தது. உறையின் மேல் சாய்ந்த எழுத்தில் ‘அப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தது. திரையின் மூலையில், முடித்த வேலை தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று ஒன்பது வருடமாக ஒரு எண் நின்றது.

இதில் இன்னொரு கூத்து. பை காலியாக இருந்தால்தான் அன்றைய வேலையைச் சேமிக்க முடியும். மீனவரின் கடிதம் இருக்கும்வரை பை காலியாகாது. அப்படியானால் யாராலும் இந்தக் கேமை ஒரு நாளைக்கு மேல் விளையாட முடியாது. பலரும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். திருப்பக்கா வழி கண்டுபிடித்தாள். கடிதத்தைக் கூரையை நோக்கி வீசினால் ஆடு வாயில் கவ்விக்கொள்ளும். பை காலி. சேமித்துவிடலாம். மறுநாள் ஆட்டின் கீழே போய் நின்றால் கடிதத்தைப் பத்திரமாகக் கீழே போடும். இதையும் படிவத்தில் எழுதினாள். ‘குறை எண் 19: ஆடு கடிதத்தைத் தின்னாமல் வைத்திருக்கிறது.’ எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்று கணவர் சொல்வார்.

மற்ற பதினொரு பேரின் கடிதங்களையும் அவள் மனப்பாடமாகச் சொல்வாள். ரொட்டி சுடுகிறவருக்கு அவர் தம்பி எழுதியது: நகரத்தில் உன் ரொட்டி மாதிரியே சுட்டுப் பார்த்தேன், வீட்டுக்காரர் புகை தாங்காமல் என்னைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், ஆனால் போகும்போது இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஆசிரியருக்குப் பழைய மாணவன் எழுதியது: உங்கள் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் உங்களை நினைக்கிறேன், அதனால் திருப்பித் தர மனசில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர்கள் கடைசிக் கடிதத்தில், அதுவும் மகள் அப்பாவுக்கு எழுதியதில், என்னதான் வைத்திருப்பார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக்கூடாது என்று அவள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கேம் செய்த அந்தத் தங்கையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

‘வணக்கம் அம்மா. அண்ணனும் நானும் கடையை மூடுகிறோம். அடுத்த மாதம் இருவரும் வேறு வேலைக்குப் போகிறோம். அதற்குள் கேமில் கடைசியாக ஒரு திருத்தம் வெளியிட இரண்டு வாரம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஒரே ஒரு குறையைத்தான் ஒழுங்காகச் சரிசெய்ய முடியும். ஒன்பது வருடமாக எங்களுக்கு எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான். எதைச் சரிசெய்வது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மற்ற அறுபதையும் மன்னித்துவிடுங்கள்.’

“மன்னிக்கறதா?” என்று எகிறினாள் திருப்பக்கா. “மன்னிக்கறதுக்கு என் படிவத்துல எங்க இடம் இருக்கு?”

“மூணாவது கட்டம் சும்மாதானே கிடக்கு.”

“உங்களைக் கேட்டேனா?”

மூன்று நாள் வீட்டில் வேறு பேச்சில்லை. கணவர் பாலத்துக்காக வாதாடினார். அவருடைய வாதம் வலுவானது. “பாலம் சரியானா மழையிலயும் போகலாம், ஒரு நாளும் வீணாகாது, எட்டு மணிக்கெல்லாம் சாப்பிடலாம். அந்த மனுஷனுக்கு ஒரு லெட்டர் குடுத்தா அதோட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உனக்கு என்ன மிச்சம்?”

“ஒன்பது வருஷமா ஒரு அப்பாவோட லெட்டர் என் பையில இருக்கு. எனக்கு என்ன மிச்சம்னு கேக்கறீங்க.”

“அவர் பொம்மைம்மா.”

“நான் தபால்காரி.”

கடைசிக் கடிதம் கொடுபடாமலே கேம் முடிந்துபோகும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சமயம் பாலமும் நியாயம்தான் என்று சோதகரின் மனம் சொன்னது. எத்தனை பேருக்கு, எத்தனை தடவை பாதிக்கும் என்று கணக்குப் பார்த்தால் பாலம்தான் பெரிய குறை. தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டின்போது வாய் தவறி இதைச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் மேலாளர் காதுக்குப் போய்விட்டது. அவர் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நேராக அவள் மேசைக்கு வந்தார். முகத்தில் இருபத்து மூன்று வருடச் சந்தோஷம்.

“அறுபத்தொரு குறை இருக்கற சரக்கை ஒன்பது வருஷமா வீட்ல வெச்சுக் கொஞ்சறீங்களாமே? என் நாலாயிரம் ஜிப்ல ஒரே ஒரு குறைம்மா! ஒண்ணே ஒண்ணு!”

சுற்றி இருந்தவர்கள் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். திருப்பக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“ஜிப்பு நடுரோட்ல நின்னா ஒருத்தரோட மானம் போகும், சார். அங்க நின்னா என் சாயந்திரம் மட்டும்தான் போகும்.”

“அப்ப அந்தக் கேமுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“ஆமா” என்றாள். வாக்குமூலம் மாதிரி இருந்தது. தானே அதைக் கேட்டு ஒரு கணம் திகைத்துப்போனாள். பிறகு அவருடைய நாலாயிரத்தையும் திருப்பி அனுப்பினாள்.

அன்று மாலையே பதில் எழுதினாள். ஒரே வரி: ‘குறை எண் 4, மீனவர்.’ மற்ற அறுபதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மன்னித்ததாகவும் எழுதவில்லை. பாலம் தோற்றுப்போன துக்கத்தில் கணவர் அன்றைய விரிப்பை ஒரே தடவையில் சரியாக மடித்துவிட்டார்.

பதினான்காம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தம் வந்தது. பெட்டி அதை இறக்கி முடிக்கும்வரை அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கணவர் தேநீரோடு பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்.

தீவில் வெயில். கலங்கரை விளக்கத்தின் நிழல் வழக்கம்போலச் சூரியனை நோக்கி விழுந்திருந்தது. ஆட்டின் கீழே போய் நின்றாள். கடிதம் விழுந்தது. பாலத்தைத் தாண்டினாள். மேற்குக் கரை, கடைசி வீடு. கதவு திறந்தது.

மீனவர் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“ஐயோ” என்றாள் திருப்பக்கா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடம் முதுகையே பார்த்திருந்தவளுக்கு அந்த முகம் புதிது. யாரும் பார்க்காமல் போயிருக்கக்கூடிய முகம். ஆனால் செய்தவர்கள் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மோவாயில் ஒரு மச்சம். ஒரு புருவத்தில் மட்டும் நரை. பார்வையில் கொஞ்சம் கூச்சம். சுவரோடு இத்தனை நாள் என்ன பேசிக்கொண்டிருந்தாரோ. தடித்த கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. கடிதம் பையை விட்டுப் போனது. அவர் உறையைப் பிரித்தார். திரை முழுவதும் தாள் விரிந்தது. சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி:

‘மகளின் கடிதம் இங்கே வரும். பிறகு எழுதிக்கொள்ளலாம், மறந்துவிடக் கூடாது.’

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. கணவர் தேநீரை வாயருகே வைத்தபடியே இருந்தார். பாலத்தைக் கேட்டிருக்கலாம் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் அவருக்கு இனிமேல் வாய்க்காது. சொல்லவில்லை. நாற்பது வருடம் நாய்களோடு பழகியதில் எப்போது அசையக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

திருப்பக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். எழுதாத கடிதத்துக்காகத்தான் ஒன்பது வருடம் மல்லுக்கட்டினாளா? அவளும் ஆடும் ஆள் மாற்றி ஆள் காவல் காத்தது ஒரு வெற்றுத் தாளையா? தேறாத சரக்கு என்று நூறு சரக்கைப் பார்த்திருக்கிறாள். செய்யாத சரக்கையே உறையில் போட்டு ஒட்டி அனுப்பியதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவள் கை தானாக நோட்டைத் தேடியது.

அப்போது தாள் மடிந்து திரையிலிருந்து விலகியது. மீனவர் கடிதத்தைப் படித்து முடித்திருந்தார். அவர் சிரித்தார். ரொட்டிக்காரரும் ஆசிரியரும் அவரவர் கடிதத்தைப் படித்துச் சிரித்த அதே மாதிரி சிரித்தார். இரண்டு வரியையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். மூலையில் இருந்த எண் நூறு ஆயிற்று.

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெதுவாகத் தபால் நிலையத்துக்குத் திரும்பினாள். பை காலி. சேமிக்க இனிமேல் யார் தயவும் வேண்டாம். ஆனால் கூரையில் ஆடு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிதத்துக்காகக் காத்திருந்தது.

“ஏங்க,” என்றாள், “நோட்டை எடுங்க.”

படிவம் எண் அறுபத்திரண்டு. விவரத்தில் எழுதினாள்: ‘மீனவர் திரும்பிவிட்டார். முகம் நன்றாக இருக்கிறது. கடிதம் எழுதப்படவில்லை. பெறுநருக்கு ஆட்சேபணை இல்லை.’ பேனா கட்டங்களுக்கு வந்தது. முதல் கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவதின் மேல் பழக்க தோஷத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மூன்றாவதில், கோணாமல், அளவாக ஒரு டிக் போட்டாள். அதோடு நிற்காமல் பழைய படிவங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நிழல், இரண்டு இடது கை, பின்பக்கக் கதவு, பாலம், ஆடு. இரண்டாவது கட்டத்து டிக்கை அடித்துக் கையெழுத்துப் போட்டு, மூன்றாவதில் புது டிக் வைத்தாள். அறுபது. முடிக்க மதியம் ஆகிவிட்டது. கணவர் ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினார்.

மாலையில் தங்கையிடமிருந்து பதில் வந்தது. ‘அம்மா, வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை அண்ணன் எழுதுவான் என்று நான் இருந்துவிட்டேன். நான் எழுதிவிட்டேன் என்று அவன் இருந்துவிட்டான். மீனவரைத்தான் யாராலும் நெருங்க முடியவில்லையே, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. இப்போதும் அவரைத் திருப்பிவைத்தோமே ஒழிய உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. நாளை முதல் எனக்குப் புது வேலை, இனி கை வைக்க முடியாது. ஒரு சந்தேகம். எல்லாப் படிவத்திலும் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம்?’

திருப்பக்கா யோசித்துவிட்டு, கணவரை எழுதச் சொன்னாள்: ‘அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம்.’

அவர் அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்று தொண்டை வரை வந்திருந்தது.

“அறுபத்தோரு டிக்கு. ஒரு ஆட்டுக்குக்கூட ஒண்ணு விழுந்தாச்சு. நானும் முப்பது வருஷமா இந்த வீட்டுல விரிப்பு மடிக்கறேன். எனக்கு எப்போ?”

கேலியாகத்தான் ஆரம்பித்தார். கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் அது கேலியாக இல்லை. அது இருவருக்கும் தெரிந்தது. அவள் நோட்டை மூடி, அளவுகோலை அதன் மேல் நேராக வைத்தாள்.

“உங்களுக்கா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே போட்டாச்சு. அப்போ என்கிட்ட படிவம் இல்ல, அவ்வளவுதான்.”

அவர் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த விரிப்பை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே மடித்தார். மடித்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் தீவிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஓரம் ஏறியிருக்கு. திருப்பு.”